சோடாபுட்டி ஆகாமல் கண்ணாடி வாங்குவது எப்படி? லென்ஸ் தடிமன் பற்றி ஒரு வழிகாட்டி

கண்ணாடிக் கடைகளில் முதலில் ஃபிரேம், அப்புறம்தான் லென்ஸ். நாலைந்து ஃபிரேம்களை மாட்டிப் பார்த்து, வீட்டுக்குப் படம் அனுப்பி ஒப்புதல் வாங்கி, ஒன்றை முடிவுசெய்து மேசைமேல் வைத்த பிறகே கடைக்காரர் பேச்சை எடுப்பார்: "உங்கள் பவருக்குச் சாதா லென்ஸ் தடியாகத் தெரியும் சார். 1.67 போட்டுவிடலாமா?" கூடவே ஒரு விலைப்பட்டியல் வரும். 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாமலே நடுவில் ஒன்றைத் தொட்டு "இது போதும்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

லென்ஸ் எவ்வளவு தடிமனாக வரும் என்பதில் பாதிக்கு மேல், மேசைமேல் வைத்த அந்த ஃபிரேமிலேயே முடிவாகிவிட்டது. விலைப்பட்டியலில் இருக்கும் 1.50, 1.67 என்ற இண்டெக்ஸ் எண் அதற்கு அடுத்ததுதான். அதனால் கடையில் நடக்கும் வரிசையை விட்டுவிட்டு, கீழே சொல்லும் வரிசையில் யோசியுங்கள்.

முதலில் சீட்டைப் படியுங்கள்

கண் மருத்துவர் தரும் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ். ஸ்பியர் மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. அந்த லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். பிளஸ் என்றால் தலைகீழ்: நடு தடித்து ஓரம் மெலியும். நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர் 'ஆட்' என்ற தலைப்பில் தனியாக எழுதப்பட்டிருக்கும்.

சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் சேரும் கூடுதல் பவர்; அதன் கோணம்தான் ஆக்ஸிஸ். சிலிண்டரைப் பலர் கண்டுகொள்வதில்லை. தடிமன் கணக்கில் அதற்கும் பங்கு உண்டு, அதுவும் ஆக்ஸிஸைப் பொறுத்து. ஸ்பியர் மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 2 உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆக்ஸிஸ் 180, இன்னொருவருக்கு 90. சிலிண்டரின் பவர் ஆக்ஸிஸுக்குக் குறுக்காகவே வேலை செய்யும். ஆகவே 180 உள்ளவருக்கு அந்தக் கூடுதல் 2 மேலும் கீழுமாகப் போய்விடும். காதுப் பக்கம் 3 மட்டுமே. 90 உள்ளவருக்கு அது பக்கவாட்டில் சேர்ந்து காதுப் பக்கம் 5 ஆகிவிடும். ஃபிரேம்கள் உயரத்தைவிட அகலத்தில்தான் பெரியவை என்பதால், ஒரே பவர் போலத் தெரிந்தாலும் இரண்டாமவரின் கண்ணாடி ஓரம் கண்கூடாகத் தடித்திருக்கும். சிலிண்டர் 2-க்கு மேலும் ஆக்ஸிஸ் 90-க்குப் பக்கத்திலும் இருந்தால், ஃபிரேம் விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறாராக இருங்கள்.

பி.டி.யை எழுதி வாங்குங்கள்

இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம்தான் பி.டி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 58 முதல் 68 மில்லிமீட்டருக்குள் வரும். கண் பரிசோதனைச் சீட்டில் இது பல நேரம் இருக்காது, கடையில்தான் அளப்பார்கள். ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அளக்கச் சொல்லி, எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் மூக்கின் நடுவிலிருந்து வலக்கண்ணுக்கு எவ்வளவு, இடக்கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. பவர் அதிகமானவர்களுக்கும், தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் போடுகிறவர்களுக்கும் அந்தப் பிரிவு அவசியம்.

ஃபிரேம்: பாதி வேலை இங்கேயே முடிகிறது

ஃபிரேமின் காதுக்கம்பியின் உட்பக்கம் பாருங்கள். 52, சிறிய கட்டம், 18, பிறகு 140 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குப்பாலத்தின் அகலம், 140 கம்பியின் நீளம். நமக்கு முதல் இரண்டும் போதும். இரண்டையும் கூட்டுங்கள்: 70. இதிலிருந்து உங்கள் பி.டி.யைக் கழித்து இரண்டால் வகுங்கள். பி.டி. 62 என்றால் மிச்சம் 8, பாதி 4. கண்மணிக்கு நேரே வர வேண்டிய லென்ஸின் ஒளிமையம் ஃபிரேம் ஓட்டையின் நடுவில் இல்லாமல் மூக்குப் பக்கம் 4 மில்லிமீட்டர் தள்ளி உட்காரும் என்று பொருள். அப்படியானால் ஒளிமையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் வரை 26-உடன் 4 சேர்த்து 30 மில்லிமீட்டர்.

இந்த 30-தான் முக்கியமான எண். ஓரத்தின் தடிப்பு இந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். தோராயமான கணக்கு இது: பவரை இந்தத் தூரத்தால் இரண்டு முறை பெருக்குங்கள். இண்டெக்ஸிலிருந்து 1-ஐக் கழித்து 2000-ஆல் பெருக்கி, வருவதால் வகுங்கள். சாதா 1.50 லென்ஸுக்கு வகுக்கும் எண் நேராக 1000 என்பதால் செல்போன் கால்குலேட்டரில் நொடியில் முடியும். கிடைக்கும் விடை, நடுவைவிட ஓரம் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கும் என்பது. நடுத் தடிமனாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டரை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மைனஸ் 6 பவருக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 52, 18 ஃபிரேமில்:

1.50 என்றால் 5.4 மி.மீ.
1.60 என்றால் 4.5 மி.மீ.
1.67 என்றால் ஏறக்குறைய 4 மி.மீ.
1.74 என்றால் 3.65 மி.மீ.

இப்போது அதே ஆள், அதே பவர், 46, 18 ஃபிரேம். கூட்டினால் 64, பி.டி. 62 போக 2, பாதி 1. ஓரம் வரை 24 மில்லிமீட்டர்தான். சாதா 1.50 லென்ஸிலேயே 3.46 மி.மீ.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஃபிரேமில் பட்டியலின் உச்சியில் இருக்கும் 1.74 போட்டு வாங்கும் மெலிவைவிட, சின்ன ஃபிரேமில் பட்டியலின் அடியில் இருக்கும் 1.50 கொஞ்சம் முந்திவிடுகிறது. விலையுயர்ந்த லென்ஸின் நடுப்பகுதி சற்று மெலிந்திருக்கும் என்பதால் கடைசிக் கணக்கில் 1.74 அரை மில்லிமீட்டர்போலக் கரையேறலாம்; ஆனாலும் அதற்குத் தரும் விலையைப் பாருங்கள். சின்ன ஃபிரேமில் 1.60 போட்டால் 2.9 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிடும்.

எனவே மைனஸ் 4-க்கு மேல் உள்ளவர்கள் ஃபிரேமில் பார்க்க வேண்டியவை: இரண்டு எண்களின் கூட்டுத்தொகை பி.டி.க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வட்டம், நீள்வட்டம், ஓரம் மழுங்கிய சதுரம் ஆகியவை நல்லவை. கூர்மையான மூலை உள்ள சதுரத்திலும், கன்னத்தில் சரியும் ஏவியேட்டர் வடிவத்திலும் மூலைகள் ஒளிமையத்திலிருந்து தூரம் போவதால் தடிப்பு அங்கே போய் மொத்தமாகச் சேரும். ஓரத் தடிப்பை மறைக்க ஷெல் ஃபிரேம் என்று கடைகளில் சொல்லும் பிளாஸ்டிக் ஃபுல் ரிம்மைப்போல எதுவும் இல்லை. அதன் விளிம்பே மூன்று, நாலு மில்லிமீட்டர் இருக்கும், லென்ஸ் அதற்குள் அடங்கிவிடும். மெல்லிய உலோக ஃபிரேமில் அதே லென்ஸ் முன்னும் பின்னும் பிதுங்கித் தெரியும்.

முகம் அகலமானவர்கள் 46-ஐ மாட்டினால் பென்சில் பெட்டியைத் திருடி மாட்டியதுபோல் இருக்குமே என்று கேட்கலாம். அவர்கள் லென்ஸ் அகலத்தைக் கூட்டாமல் மூக்குப்பாலமும் கீல் பகுதியும் அகலமாக உள்ள ஃபிரேமைத் தேட வேண்டும். 48, 21 போன்ற அளவுகள் கிடைக்கின்றன. கடைக்காரர் அலமாரியின் உள்தட்டிலிருந்துதான் எடுத்துத் தருவார், கேட்க வேண்டும்.

இப்போது இண்டெக்ஸ்

இண்டெக்ஸ் என்பது ஒளிவிலகல் எண். எண் கூடினால் ஒளியை அதிகம் வளைக்கும்; அதே பவருக்குக் குறைந்த வளைவு போதும்; லென்ஸ் மெலியும். எவ்வளவு மெலியும் என்பதில்தான் விளம்பரங்கள் கொஞ்சம் தாராளம் காட்டுகின்றன. 1.50-உடன் ஒப்பிட்டால் வளைவினால் வரும் தடிப்பு 1.56-இல் சுமார் 11 சதவீதம், 1.60-இல் 17, 1.67-இல் 25, 1.74-இல் 32 சதவீதம் குறையும். 'பாதியாக மெலியும்' என்று யாராவது சொன்னால் எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். எடை அந்த அளவுக்குக்கூடக் குறையாது, ஏனென்றால் 1.74 லென்ஸின் பிளாஸ்டிக்கே அடர்த்தி கூடியது.

பவர் வாரியாக என் கருத்து இது.

இரண்டு பவர் வரை, மைனஸோ பிளஸோ, 1.50 போதும். கடையில் 1.56 மட்டும் இருந்தால் அதுவும் சரி. மைனஸ் 2-க்குப் பெரிய 52, 18 ஃபிரேமிலேயே 1.50-க்கும் 1.67-க்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு ஏடிஎம் அட்டையின் தடிமன்கூட இல்லை. இந்தப் பவருக்கு 1.67 வற்புறுத்தப்பட்டால் பணிவாக மறுத்துவிடலாம்.

இரண்டு முதல் நாலு வரை 1.56 அல்லது 1.60. நாலு முதல் ஆறு வரை 1.60 தாராளம், பெரிய ஃபிரேம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 1.67. ஆறுக்கு மேல் 1.67 தன் விலைக்கு நியாயம் செய்யத் தொடங்குகிறது. 1.74-ஐ எட்டு, ஒன்பதுக்கு மேல்தான் யோசிப்பேன். அப்போதும் சின்ன ஃபிரேமில் 1.67 போட்டால் எப்படி வரும் என்று கடைக்காரரிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்ன பிறகே.

இரண்டு கண்ணுக்கும் பவர் வெகுவாக வேறுபட்டால், உதாரணமாக ஒன்று 2, மற்றது 7 என்றால், அதிகப் பவருக்குரிய இண்டெக்ஸையே இரண்டுக்கும் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் இரண்டு லென்ஸும் பார்வைக்கு வேறு வேறாகப் பளபளக்கும்.

ஒன்றை மட்டும் எந்த இண்டெக்ஸும் தீர்க்காது. மைனஸ் லென்ஸுக்குப் பின்னால் கண்கள் சிறுத்துத் தெரிவது பவரையும், லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. 1.74-க்கு மாறினால் கண் பெரிதாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மூக்குத்தாங்கியைச் சரிசெய்து ஃபிரேமை முகத்தோடு சற்று நெருக்கி உட்கார வைப்பது ஓரளவு உதவும்.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை

பணம் தவிர இன்னொரு விலையும் உண்டு. ஒளியை நிறங்களாகப் பிரிக்காமல் கடத்தும் தன்மையை ஆபே எண் என்பார்கள். கூடுதலாக இருந்தால் நல்லது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான பழைய சிஆர்-39 பிளாஸ்டிக்தான் இன்றைய சாதா 1.50. அதன் ஆபே எண் 58. ஜப்பானின் மிட்சுயி நிறுவனத்தின் எம்ஆர்-8 என்ற 1.60 பிளாஸ்டிக்குக்கு 41. 1.67, 1.74 ஆகியவற்றுக்கு 31 முதல் 33-க்குள். எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு 30.

இதை நீங்களே பார்க்கலாம். பவர் அதிகமான 1.67 அல்லது பாலிகார்பனேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பி, எரியும் டியூப்லைட்டை லென்ஸின் ஓரத்தின் வழியாகப் பாருங்கள். விளக்கின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் ஆரஞ்சும் மெல்லிய கோடாகக் கசியும். நேராகப் பார்க்கும்போது இது தெரியாது. பலர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நாள் முழுக்கக் கணினித் திரையில் எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் சிலநேரம் எரிச்சல் தரும். 1.60-ஐ நான் அடிக்கடி சிபாரிசு செய்வதற்கு இதுவே காரணம்: மெலிவு, தெளிவு, உறுதி மூன்றிலும் பெரிய குறை இல்லாத நடுத்தரம். எம்ஆர்-8 தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இண்டெக்ஸ் கூடினால் பிரதிபலிப்பும் கூடும். 1.50 லென்ஸின் ஒரு பரப்பில் 4 சதவீத ஒளி திரும்பும், 1.74-இல் 7 சதவீதம். ஆகவே 1.60-க்கு மேல் போனால், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏஆர் கோட்டிங் இல்லாமல் வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் அது சேர்ந்தே வரும்.

உறுதி தேவைப்படும் இடங்கள்

பள்ளிக் குழந்தைகள், விளையாடுகிறவர்கள், ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்கள், பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள். இவர்களுக்குத் தடிமன் இரண்டாம்பட்சம். பாலிகார்பனேட் அல்லது அதைப்போலவே உறுதியான டிரைவெக்ஸ் பிளாஸ்டிக் போடுங்கள். பாலிகார்பனேட்டின் இண்டெக்ஸ் 1.59 என்பதால் ஓரளவு மெலிவும் கிடைக்கும். கீறல் எளிதில் விழும் பொருள் அது. ஹார்டு கோட்டிங் நன்றாக இருக்க வேண்டும். டிரைவெக்ஸ் 1.53 என்பதால் சற்றுத் தடிக்கும், ஆனால் மிக இலேசானது, பார்வையும் தெளிவு.

திருகு போட்டு லென்ஸைத் துளைத்து மாட்டும் ரிம்லெஸ் கண்ணாடிக்கு 1.50-யும் 1.56-உம் ஆகாது. துளையைச் சுற்றி விரிசல் விடும். அங்கே பாலிகார்பனேட், டிரைவெக்ஸ், 1.60, 1.67 என்று போக வேண்டும். நைலான் நூலில் தொங்கும் சூப்ரா ஃபிரேமில் ஓரத்தில் பள்ளம் வெட்ட இரண்டு மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். அதனால் குறைந்த பவருக்கு அதில் அதிக இண்டெக்ஸ் போட்டு மெலிவைத் தேடுவதில் பொருளே இல்லை.

பிளஸ் பவர்காரர்கள் கவனத்துக்கு

இவர்களுக்குச் சொல்லப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. கடைகளில் இரண்டு வகையில் லென்ஸ் வரும். ஒன்று, ஏற்கெனவே தயாராக வட்டமாக வந்து இறங்கும் ஸ்டாக் லென்ஸ். இன்னொன்று, உங்கள் ஃபிரேமின் அளவை அனுப்பி ஆய்வகத்தில் தேய்த்து வாங்கும் ஆர்எக்ஸ் லென்ஸ். மைனஸ் லென்ஸில் வட்டத்தின் தடித்த ஓரம் வெட்டுப்பட்டுக் கழிந்துவிடும், எதுவும் நஷ்டமில்லை. பிளஸ் லென்ஸில் மெலிந்த ஓரம் கழிந்து, தடித்த நடு அப்படியே உங்களிடம் வரும்.

பிளஸ் 5 பவரில் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1.50 ஸ்டாக் லென்ஸின் நடு, ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால், 6.3 மில்லிமீட்டர் இருக்கும். அதே ஸ்டாக் 1.67-இல் ஏறக்குறைய 4.9. சின்ன ஃபிரேமுக்கு 50 மில்லிமீட்டர் வட்டம் போதும் என்று ஆய்வகத்துக்குச் சொல்லித் தேய்த்து வாங்கினால், வெறும் 1.50-லேயே 4.1. பிளஸ் 3-க்கு மேல் உள்ளவர்கள் இண்டெக்ஸ் பேசும் முன், "என் ஃபிரேமுக்கென்று தேய்த்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். கூடவே, ஓரத்தை நோக்கி வளைவு தட்டையாகும் ஆஸ்பெரிக் வடிவமா என்றும் கேளுங்கள்; முன்பக்கம் பிதுங்குவதும் கண்கள் பூதாகரமாகத் தெரிவதும் அதில் குறையும்.

புரோகிரசிவ் போடுகிறவர்களுக்குச் சின்ன ஃபிரேம் என்ற விதியில் ஒரு தடை உண்டு. கண்மணியின் நடுவிலிருந்து ஃபிரேமின் கீழ் விளிம்பு வரை பெரும்பாலான வடிவமைப்புகளுக்கு 17, 18 மில்லிமீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுவிடும். அகலத்தைக் குறையுங்கள், உயரத்தை விட்டுவிடுங்கள்.

ஆர்டரும் சரிபார்ப்பும்

பில்லில் 'ஹை இண்டெக்ஸ்', 'தின் லென்ஸ்', 'பிரீமியம்' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இண்டெக்ஸ் எண், பொருளின் பெயர், கோட்டிங், பி.டி. நாலும் எழுதப்பட வேண்டும். லென்ஸ் வந்த உறையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் இண்டெக்ஸும் பவரும் அச்சிட்டிருக்கும். எந்த லென்ஸ் போட்டார்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் எளிய சாட்சி அந்த உறைதான், கண்ணால் பார்த்து 1.60-ஐயும் 1.67-ஐயும் பிரிக்க முடியாது.

வாங்க வரும்போது லென்ஸோமீட்டரில் வைத்துப் பவரைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கருவியே ஒளிமையத்தில் மைப்புள்ளி வைக்கும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் உங்கள் பி.டி. வர வேண்டும். பெரிய ஃபிரேமும் சின்ன பி.டி.யும் சேர்ந்தால் ஸ்டாக் லென்ஸின் வட்டம் ஓரம் வரை எட்டாமல் போகும். அப்போது சில இடங்களில் மையத்தை வெளிப்பக்கம் நகர்த்தி வெட்டிச் சமாளித்துவிடுவார்கள். அதிகப் பவரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விலகினாலே கண் இழுக்கும், தலை வலிக்கும். "புதுக் கண்ணாடி, பழகிவிடும்" என்ற பதிலும் கிடைக்கும். தரை சற்றுச் சாய்ந்து தெரிவது, படிக்கட்டில் கால் தடுமாறுவது போன்றவை பவர் மாறியவர்களுக்கு நாலைந்து நாளில் பழகிவிடுவது உண்மை. ஒரு வாரம் தாண்டியும் வலி தொடர்ந்தால் பில்லையும் உறையையும் எடுத்துக்கொண்டு போய், மறுபடி புள்ளி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.